நோயாளிகளைப் பராமரிக்கும் குடும்பத்தினர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழு உறுப்பினர்களுக்கும், வீட்டில் நோயாளியை இன்னொருவர் பொறுப்பில் விட்டுவிட்டு இங்கே வந்திருக்கும் உங்கள் ஒவ்வொருவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தடையின்றி நடந்தன. படுக்கைப் புண் வராமல் நோயாளியைப் புரட்டிப் படுக்கவைக்கும் முறையைச் செவிலியர் ஒருவர் வந்து கற்றுத்தந்தார். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

நான் விரிவாகச் சொல்ல விரும்புவது, இந்த ஆண்டு முழுவதும் நம் கூட்டங்களை விடாமல் தொடர்ந்த ஒரு கேள்வியைப் பற்றி. நாம் ஏன் பார்த்துக்கொள்கிறோம்?

பக்கவாதத்தில் விழுந்த கணவரைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவரும் உறுப்பினர் ஒருவர்தான் இதைத் தொடங்கிவைத்தார். முதலில் அன்பு இருந்தது, பிறகு அது பழக்கமாயிற்று, சில நாள்களில் உறவினர்கள் என்ன சொல்வார்களோ என்ற பயம் மட்டுமே என்னை எழுப்புகிறது என்றார். சொல்லிவிட்டுத் தலைகுனிந்துகொண்டார். அவர் குனிந்திருக்கத் தேவையே இல்லை. அதன் பிறகுதான் மற்றவர்களுக்கும் வாய் திறந்தது. தன்னிடம் ஒருநாளும் இதமாகப் பேசியிராத தந்தையைக் குளிப்பாட்டிவிடும் மகன், "இது அவருக்காக இல்லை, நாளை நான் நிம்மதியாகத் தூங்கவேண்டும் என்பதற்காக" என்றார். இன்னொருவர், "என்னை யாரும் கேட்கவே இல்லை. திருமணம் ஆகாதவள் என்பதால் என் தலையில் விழுந்தது" என்றார்.

மனம் உவந்து செய்வதையும் நெருக்கடியால் செய்வதையும் எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் என்ற உளவியலாளர்கள் பிரித்துப் பார்த்தார்கள். முன்னதே நீடித்து நிற்கும் என்றார்கள். நம் அனுபவத்தில் இவ்விரண்டும் ஒரே ஆளிடம், ஒரே நாளில் மாறி மாறி வருகின்றன. இரவு மூன்று முறை எழுந்தவரிடம் காலையில் அன்பைத் தேடினால் எங்கிருந்து வரும்? துணைவரைக் கவனித்துக்கொள்ளும் முதியவர்களைப் பற்றி 1999-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றை நாம் வாசித்தோம். பராமரிப்பால் மனச்சுமைக்கு ஆளானவர்கள் அடுத்த நான்கு ஆண்டுகளில் இறக்கும் வாய்ப்பு, பராமரிப்புப் பொறுப்பு இல்லாதவர்களைவிட 63 சதவீதம் அதிகமாக இருந்தது. சுமையை உணராமல் பராமரித்தவர்களிடம் அத்தகைய உயர்வு காணப்படவில்லை. ஆகவே நாம் குறைக்க வேண்டியது அந்தச் சுமையைத்தான்.

அந்தச் சுமையை அளக்கப் பயன்படும் ஸாரிட் வினாத்தாளின் 22 கேள்விகளை உறுப்பினர்களுக்குக் கொடுத்தோம். பலர் எல்லாவற்றுக்கும் "ஒருபோதும் இல்லை" என்றே குறித்தார்கள். வாயால் கேட்டபோதுதான் உண்மை வந்தது. தாளில் எழுதினால் நோயாளியைக் குறை சொன்னதாகிவிடும் என்று அஞ்சியிருக்கிறார்கள்.

இதனால்தான், ஆண்டு விழாவில் "தியாகச் செம்மல்" விருது வழங்கலாம் என்ற யோசனையை நான் எதிர்த்தேன். தியாகி என்று ஒருவரைப் பாராட்டிவிட்டால், அடுத்த வாரம் அவர் எப்படி "எனக்கு முடியவில்லை" என்று வாய்விட்டுச் சொல்வார்? செயற்குழு ஏற்றுக்கொண்டது. விருதுக்கான தொகை, ஒருவர் வீட்டுக்கு இன்னொருவர் சில மணி நேரம் மாற்றாகச் செல்லும் முறைக்குத் திருப்பிவிடப்பட்டது. பகலில் அது ஓரளவு நடக்கிறது. இரவுக்கு ஆள் கிடைக்கவில்லை. அது இந்த ஆண்டின் பெரிய குறை. கேட்டவர்களுக்கு மட்டுமே போனோம் என்பதும் குறைதான். மிகவும் தேவைப்பட்டவர்கள் கேட்கவே இல்லை.

இந்த ஆண்டு தங்கள் நோயாளியை இழந்த உறுப்பினர்களில் சிலர் கூட்டத்துக்கு வருவதை நிறுத்திவிட்டார்கள். இனி தங்களுக்கு இங்கே இடமில்லை என்று நினைத்திருக்கலாம். நாமும் அழைக்கவில்லை, செயலாளர் என்ற முறையில் அதற்கு நானே பொறுப்பு. அவர்கள் உறுப்பினராகவே தொடர்வார்கள் என்றும், மாதம் ஒருமுறையாவது செயற்குழுவினர் அவர்களை நேரில் சென்று பார்க்க வேண்டும் என்றும் தீர்மானம் முன்மொழிகிறேன். அத்துடன் இந்த அறிக்கையையும் ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவை வேண்டுகிறேன்.

செயலாளர்