நிறுத்தச் சொன்ன மாத்திரை வீடு தேடி வருகிறது
மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய செயலர் அவர்களுக்கு,

வணக்கம். நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் உள்ளவர்களுக்கு வீட்டு வாசலிலேயே மாத்திரை தரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 ஆகஸ்டு 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்டபோது மனமார வரவேற்றவர்களில் நானும் ஒருவன். இன்றும் அத்திட்டத்தை வேண்டாம் என்று சொல்லமாட்டேன். அதற்கும் பெரிய மருத்துவமனைகளுக்கும் பேச்சுவார்த்தையே இல்லாதிருப்பதுதான் என் குறை.

நெடுநாள் நீரிழிவு நோயாளியான என் தாயார், கால் வீக்கத்துடன் ஓர் அரசு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் இரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துச் சிறுநீரகப் பாதிப்பைக் கண்டறிந்த மருத்துவர்கள், மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையை அறவே நிறுத்தி, இன்சுலின் எழுதிக்கொடுத்து அனுப்பினார்கள். சிகிச்சையில் குறை சொல்வதற்கு ஒன்றுமில்லை. வீடு திரும்பிய பிறகு, சுகாதாரத் தன்னார்வலர் வழக்கம்போல மாத்திரையுடன் வந்தார். அதில் மெட்ஃபார்மினும் இருந்தது. பாவம், அவர் கையிலிருந்த பட்டியலில் அப்படித்தான் இருந்தது. அரசாங்கம் கொடுப்பது தப்பாக இருக்காது என்று நம்பி, என் தாயார் இன்சுலினும் போட்டுக்கொண்டு அதையும் விழுங்கி வந்தார். வாந்தியும் சோர்வுமாக மறுபடி படுத்த பிறகுதான் எங்களுக்கே விஷயம் தெரிந்தது. மாத்திரையை நிறுத்தச் சொல்லி டிஸ்சார்ஜ் சீட்டில் ஆங்கிலத்தில் கிறுக்கியிருந்த வரி எங்கள் யாருக்கும் புரியவில்லை. புரிந்துகொள்ளக்கூடிய ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் அந்தச் சீட்டு போய்ச் சேரவேயில்லை.

எனவே கேட்பது ஒன்றுதான்: பெரிய மருத்துவமனையில் மருந்து மாற்றப்பட்டால், அந்த மாற்றம் அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்தின் கணினிக்கும் தன்னார்வலரின் பட்டியலுக்கும் போய்ச் சேர வேண்டும்.

மருத்துவப் பதிவுகளைக் கணினியில் இணைப்பதற்கான ஒன்றிய அரசின் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கம் தரும் 14 இலக்க ‘ஆபா’ (சுகாதாரக் கணக்கு) எண் என் தாயாருக்கும் இருக்கிறது. க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து ஓ.பி. சீட்டு வாங்கியதோடு அதன் வேலை முடிந்துவிட்டது. உள்ளே போனால், “பழைய சீட்டெல்லாம் கொண்டுவந்தீர்களா?” என்றுதான் கேட்கிறார்கள். ஒரு நோயாளியின் முழு மருத்துவ வரலாறும் இன்றைக்கும் ஒரு மஞ்சப்பைக்குள்தான் இருக்கிறது. பையை வீட்டில் வைத்துவிட்டுப் போனால் இரத்தப் பரிசோதனை முதலிலிருந்து தொடங்குகிறது.

இது நம்மால் ஆகாத காரியமா? கர்ப்பிணியைப் பதிவு செய்து, ‘பிக்மி’ என்ற தாய்-சேய் கண்காணிப்புப் பதிவு எண் கொடுத்து, பரிசோதனை முதல் பிரசவம், தடுப்பூசி வரை தொடர்ந்து கவனிக்கும் மாநிலம் இது. கர்ப்பிணிக்குச் செய்ததை நீரிழிவு நோயாளிக்கும் செய்யக்கூடாதா?

செயலிகளுக்கு மட்டும் பஞ்சமில்லை. கிராம சுகாதார செவிலியர் பதிவேட்டில் எழுதியதையே செயலியிலும் ஏற்றி, மாதக் கூட்டத்துக்கு இன்னொரு தாளிலும் நிரப்புகிறார். எத்தனை பேருக்கு மாத்திரை போய்ச் சேர்ந்தது என்று திரையில் எண்ணிக்கை ஏறுகிறது; என் தாயாரும் அதில் ஒரு வெற்றிக் கணக்காகவே இருந்திருப்பார். காப்பீட்டுத் திட்டத்திலும் அப்படித்தான். டயாலிசிஸ் செய்தால் அதற்கு உரிய தொகை உண்டு. டயாலிசிஸ் வரை போகவிடாமல் காத்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒரு பாராட்டுத் தாள்கூட இல்லை. கொடுத்த மாத்திரையை எண்ணுவதோடு, சர்க்கரை யாருக்குக் கட்டுக்குள் வந்தது, யாருடைய சிறுநீரகம் தப்பியது என்பதையும் கணக்கெடுத்து, நிதியையும் பாராட்டையும் அதை வைத்துத் தீர்மானித்தால் இந்தக் கணினிகள் வாங்கியதற்கு ஒரு பொருள் இருக்கும்.

அந்தரங்கத் தகவல் ஆயிற்றே என்று தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள். நோயாளியின் ஒப்புதலோடு தகவலைப் பகிரும் விதத்தில்தான் ஆபா அமைக்கப்பட்டிருக்கிறது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 2023-இல் நிறைவேறிவிட்டது. ஒப்புதல் கேட்டால் என் தாயார் கைநாட்டே வைத்துத் தருவார். இதுவரை யாரும் கேட்கவில்லை.

கோபத்தில் வார்த்தை சற்றுத் தடித்திருந்தால் பொறுத்தருள வேண்டுகிறேன். மாநிலம் முழுவதும் ஒரே நாளில் செய்யச் சொல்லவில்லை. முதலில் ஒரு மாவட்டத்தில், நீரிழிவும் சிறுநீரகப் பாதிப்பும் சேர்ந்துள்ளவர்களுக்கு மட்டுமாவது, நிறுத்திய மருந்து, மாற்றிய மருந்து, கடைசிக் கிரியேட்டினின் அளவு, அடுத்து வரவேண்டிய தேதி ஆகியவற்றைத் தட்டச்சில் பதிந்து, டிஸ்சார்ஜ் ஆகும் அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்ப ஆணையிடுங்கள். நோயாளி கையில் கொடுக்கும் சீட்டில் அவற்றைத் தமிழிலும் அச்சிட்டுத் தாருங்கள்.

தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
ஒரு நோயாளியின் மகன்