கல்யாணத் தேதியும் தவணைத் தேதியும்: கடன் தருகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

கடன் தரும் வங்கிகளிலும் நிதி நிறுவனங்களிலும் முடிவெடுக்கும் இடத்தில் இருப்பவர்களுக்கு,

வணக்கம்.

நான் கடன் வாங்கியவள். வாங்கியதைத் தவணை தவறாமல் கட்டிக்கொண்டும் வருகிறவள். கடனைத் தள்ளுபடி செய்யச் சொல்லியோ வட்டியைக் குறைக்கச் சொல்லியோ இதை எழுதவில்லை. கொடுத்த பணத்தை வட்டியோடு கேட்பது உங்கள் உரிமை, திருப்பிக் கட்டுவது எங்கள் கடமை. அதில் எனக்கு எந்தத் தகராறும் இல்லை. ஒரு வீட்டில் கடனும் ஓடிக்கொண்டிருக்கிறது, கல்யாணமும் வரப்போகிறது என்றால் அந்த வீட்டாரிடம் நீங்கள் எப்படிப் பேசுகிறீர்கள் என்பதுதான் என் பேச்சு. அந்தப் பேச்சு மாறவேண்டும்.

எங்கள் கடன் வைத்தியச் செலவுக்காக வாங்கியது. பாதிக்கு மேல் கட்டியாகிவிட்டது. இதற்கிடையில் மகளுக்கு நல்ல இடம் அமைந்து கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது.

கடன் இருக்கிற வீட்டில் ஒரு நல்ல காரியம் வந்தால் அன்றாடம் எப்படி இருக்கும் என்பது உங்கள் விண்ணப்பப் படிவத்தில் வராது. அதனால் சொல்கிறேன். சம்பளம் வந்த மறுநாளே தவணை போய்விடும். வாடகை, மின்கட்டணம், மருந்து, போக்குவரத்து எல்லாம் போக மிஞ்சுவதில்தான் மாதம் ஓடவேண்டும். கல்யாணத்துக்கு எடுத்துவைப்பதும் அதிலிருந்துதான். என் கணவருக்குக் கண்ணாடி மாற்றவேண்டும் என்று டாக்டர் சொல்லி வெகுநாளாகிறது. “கல்யாணம் முடியட்டும்” என்கிறார். வாஷிங் மெஷின் நின்றுபோனதிலிருந்து கையால்தான் துவைக்கிறோம். விடுமுறை நாளில் கூடுதல் வேலைக்குக் கூப்பிட்டால் மகள் மறுப்பதே இல்லை. இரக்கம் தேடி இதைச் சொல்லவில்லை. கடன் எந்த மாதம் முடியும் என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அது தெரிவதால்தான் இவ்வளவையும் முகம் சுளிக்காமல் செய்ய முடிகிறது. அந்த மாதம் தள்ளிப்போனால் எங்களுக்கு என்ன ஆகும் என்பதை நீங்கள் யோசித்துப் பார்க்கவேண்டும்.

வெளியே தலைகாட்டினால் கேள்விகள். இடம் பார்த்தாச்சா, எத்தனை பேரைக் கூப்பிடப் போகிறீர்கள், துணிமணி எடுத்தாச்சா என்று ஆசையாகத்தான் கேட்கிறார்கள். சிரித்தபடி பதில் சொல்வோம், உள்ளே கூட்டல் கழித்தல் ஓடும். கடன் இருப்பதைச் சொன்னால் சம்பந்தி வீட்டில் என்ன நினைப்பார்களோ என்று ஒரு பயம். சொல்லாமல் விட்டால் எதிர்பார்ப்பு ஏறிக்கொண்டே போகுமே என்று இன்னொரு பயம். கடைசியில் மகளே மாப்பிள்ளையிடம் பேசிவிட்டாள். அவர்கள் வீட்டிலும் ஒரு கடன் ஓடுகிறதாம், அவர்களும் எப்படிச் சொல்வது என்று தயங்கிக்கொண்டுதான் இருந்தார்களாம். இரண்டு குடும்பமும் ஒரே கவலையை ஒருவருக்கொருவர் மறைத்துக்கொண்டு நல்ல நாள் குறித்திருக்கிறோம்!

அன்றைக்கு ராத்திரியே நானும் மகளும் செலவு நோட்டை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். பென்சிலால் எழுதிய பட்டியல். வீடியோ என்ற வரியை அவளே அடித்தாள். அலங்கார விளக்குக்கு நேரே ஒரு கேள்விக்குறி. அழைப்பிதழ் எண்ணிக்கையைப் பாதியாக்கி, ஓரத்தில் “மற்றவர்களுக்குப் போனில்” என்று எழுதினாள். வருகிறவர்கள் வயிறாரச் சாப்பிடவேண்டும் என்ற வரியை மட்டும் அவள் தொடவில்லை, நானும் தொடவிடவில்லை. தவணையில் கைவைக்காமல் கைக்குள் அடங்குகிற ஒரு தொகை அப்போதுதான் கிடைத்தது. இரண்டு பேருக்கும் மூச்சு வந்தது.

இப்படிப் போட்டுவைத்த கணக்கைக் கலைப்பதற்குத்தான் உங்கள் அழைப்பு வருகிறது.

“மேடம், நீங்கள் ஒழுங்காகக் கட்டுகிறவர். உங்களுக்கு டாப்-அப் லோன் தயாராக இருக்கிறது. விசேஷத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். மாதத் தவணை கொஞ்சம்கூட ஏறாது.” டாப்-அப் என்றால், ஓடுகிற கடனின் பாக்கியை அடைத்துக்கொண்டு மீதியைக் கையில் தரும் புதுக் கடன். பேசியது சின்னப் பிள்ளை. அதன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அதற்கு ஒரு இலக்கு, அதன் மேலாளருக்கு ஒரு இலக்கு. ஆனால் “தவணை ஏறாது” என்ற வாக்கியத்தை எழுதிக்கொடுத்தது நீங்கள். அதில் பொய் இல்லை, முழு உண்மையும் இல்லை. கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

ஒரு லட்சம் கடன், குறையும் பாக்கி மீது ஆண்டுக்கு 12 சதவீத வட்டி, 60 மாதம் என்று வைத்துக்கொள்வோம். மாதத் தவணை ஏறத்தாழ 2,224. முதல் மாதம் அதில் 1,000 வட்டிக்கே போய்விடும், மீதிதான் அசலில் கழியும். மாதம் போகப் போக வட்டியின் பங்கு குறைந்து அசலின் பங்கு கூடும். 36 தவணை கட்டி முடித்தபோது அசல் பாக்கி சுமார் 47,255. இன்னும் 24 தவணைதான். இந்த இடத்தில் நீங்கள் வந்து, அதே வட்டிக்கு மறுபடியும் ஒரு லட்சம், மறுபடியும் 60 மாதம் என்கிறீர்கள். பழைய பாக்கியைக் கழித்துக்கொண்டு கையில் தருவது 52,745. தவணை அதே 2,224தான், ஏறவில்லை. ஆனால் 24 மாதத்தில் முடியவேண்டியது 60 மாதம் ஆகிவிட்டது. கூடுதலாக வந்த 36 தவணையைக் கூட்டினால் 80,000க்குக் கொஞ்சம் மேல். கையில் வாங்கிய 52,745க்காகக் கூடுதலாகக் கட்டப்போவது அவ்வளவு. பரிசீலனைக் கட்டணம், காப்பீடு என்று நீங்கள் பிடிப்பது இதில் சேரவில்லை.

கல்யாணம் ஒரு நாளில் முடிந்துவிடும். அதற்காக மூன்று வருஷம் கூடுதலாகக் கட்டவேண்டும் என்று அந்தப் பிள்ளையைச் சொல்லச் சொல்லுங்கள். தெரிந்தபிறகும் வேண்டும் என்கிறவர்கள் இருப்பார்கள், அது அவர்கள் விருப்பம். எங்களில் பலர் வேண்டாம் என்போம். அதனால்தானோ என்னவோ, அது சொல்லப்படுவதே இல்லை.

விசேஷத்துக்கென்று தனியாக விற்கப்படும் சில கடன்களில் இன்னொரு சங்கதி. வட்டி 12 சதவீதம்தான் என்பார்கள், ஆனால் அது நிலை வட்டி. அசலில் பெரும்பகுதி கட்டி முடித்தபிறகும் முதல் நாள் தொகைக்கே வட்டி போடுவார்கள். ஒரு லட்சத்துக்கு ஐந்து வருஷத்தில் 60,000 வட்டி. குறையும் பாக்கிக் கணக்கில் இதே கடனுக்கு வட்டி சுமார் 33,500தான். அதாவது, 12 என்று சொல்லி விற்றது உள்ளபடி 20 சதவீதத்துக்கும் மேலே போகிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டாமல் “12 சதவீதம்” என்று மட்டும் கொட்டை எழுத்தில் போடுவது நியாயமே இல்லை.

படித்து, யோசித்துக் கையெழுத்துப் போடவேண்டியது வாங்குகிறவர் பொறுப்பு அல்லவா என்று நீங்கள் கேட்கலாம். சரி, பொறுப்புத்தான். ஆனால் பணம் இறுக்கிப்பிடிக்கிற நேரத்தில் மனுஷ மூளை எப்படி வேலை செய்கிறது என்பதற்கு ஒரு ஆய்வு இருக்கிறது. 2013இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்தது. தமிழ்நாட்டுக் கரும்பு விவசாயிகள் 464 பேரிடம் அறுவடைக்கு முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை சில அறிவுத்திறன் சோதனைகளை நடத்தினார்கள். அதே ஆட்கள்தான், ஆனால் கையில் காசு இல்லாத அறுவடைக்கு முந்தைய நாட்களில் அவர்கள் செய்தது குறைவு, காசு வந்தபிறகு செய்தது நன்றாக இருந்தது. அவர்களுக்கு அறிவு குறையவில்லை. பணக் கவலை மனசில் இடத்தை அடைத்துக்கொண்டது என்பதுதான் ஆய்வாளர்கள் தந்த விளக்கம். கல்யாணத்துக்கு முந்தைய மாதங்களில் எங்கள் வீட்டில் எல்லோருடைய மனசும் அப்படித்தான் இருக்கிறது. அடுப்பில் வைத்ததை மறந்துவிடுகிறேன், சொன்னதையே திரும்பச் சொல்கிறேன். அந்த வாரங்களில்தான் உங்கள் அழைப்பும் குறுஞ்செய்தியும் அடிக்கடி வருகின்றன. எங்கள் தேதி உங்களுக்கு எப்படித் தெரிகிறது என்பதே எனக்குப் புரியவில்லை.

உங்கள் விளம்பரங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. வாழ்நாளில் ஒரே நாள், அதில் கணக்குப் பார்க்கலாமா என்று கேட்கிறீர்கள். அமெரிக்காவில் எமரி பல்கலைக்கழகப் பொருளியலாளர்கள் ஆண்ட்ரூ பிரான்சிஸும் ஹியூகோ மியலானும் 2014இல் மணமானவர்கள் 3,000 பேருக்கு மேல் விசாரித்து ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். மோதிரத்துக்கும் கல்யாணத்துக்கும் அதிகம் செலவழித்தவர்களின் மணவாழ்க்கை பொதுவாகக் குறைந்த காலமே நீடித்திருந்தது. வந்திருந்து வாழ்த்தியவர்கள் அதிகமாக இருந்த கல்யாணங்களோ அதிகம் நிலைத்திருந்தன. ஒன்றுதான் மற்றதற்குக் காரணம் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனாலும் செலவு செய்தால்தான் சந்தோஷம் என்று எங்கள் பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டிருக்க உங்களுக்கு எந்த ஆதாரமும் இல்லை.

இனி, நான் கேட்பது.

டாப்-அப் என்று பேச்செடுப்பதற்கு முன்னால், இப்போதைய கடன் எந்த மாதம் முடிகிறது, புதியதை எடுத்தால் எந்த மாதம் முடியும், இரண்டிலும் இனிமேல் மொத்தம் எவ்வளவு கட்டவேண்டும் என்பதைத் தாய்மொழியில் ஒரே தாளில் எழுதிக் கொடுங்கள். நான்கே எண்கள். உங்கள் கணினியில் அவை ஏற்கெனவே இருக்கின்றன. அதைக் கையில் கொடுக்காமல் ஒரு கையெழுத்தும் வாங்காதீர்கள். இந்த மடலில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

அப்புறம், கையெழுத்துப் போட்டபின் யோசிக்கச் சில நாள் கொடுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2008ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் நெறிமுறையிலேயே இதற்கு 14 நாள் தரப்பட்டது. காரணமே சொல்லாமல் விலகலாம், வாங்கிய அசலையும் வைத்திருந்த நாளுக்கான வட்டியையும் திருப்பிக் கொடுத்தால் போதும். எங்கேயும் கடன் கொடுப்பவர்கள் சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

சின்னச் சின்னத் தொகையாக முன்கூட்டியே கட்ட வழி செய்யுங்கள். கல்யாணம் முடிந்து கொஞ்சம் மிஞ்சினால் அதைக் கொண்டுவந்து கடனில் கட்டத்தான் நாங்கள் ஆசைப்படுகிறோம். மேலே சொன்ன கணக்கில் 24 தவணை பாக்கி இருக்கும்போது 10,000 கூடுதலாகக் கட்டி, தவணையை அப்படியே வைத்தால், ஐந்து மாதத்துக்கு மேல் குறைந்துவிடும். ஆனால் கூடுதலாகக் கட்டியதை அசலில் கழிக்காமல் அடுத்த மாதத் தவணைக்கு முன்பணமாக வரவு வைத்துக்கொள்கிற இடங்கள் இருக்கின்றன. கேட்டால் தனியாக விண்ணப்பம், கட்டணம், கிளைக்கு அலைச்சல். சீக்கிரம் அடைக்க நினைக்கிறவரைத் தண்டிப்பது எந்த ஊர் நியாயம்? காலம் குறையவேண்டுமா, தவணை குறையவேண்டுமா என்று எங்களைக் கேளுங்கள், நாங்கள் சொல்கிறபடி கழியுங்கள்.

ஒழுங்காகக் கட்டிவருகிறவர் முன்கூட்டியே எழுதிக் கேட்டால், விசேஷம் இருக்கிற அந்த ஒரு மாதம் மட்டும் தவணைத் தேதியைப் பத்து நாள் தள்ளிவையுங்கள். அந்தப் பத்து நாள் வட்டியைக் கட்டிவிடுகிறோம். அபராதமும், கடன் வரலாற்றில் ஒரு கறுப்புப் புள்ளியும்தான் வேண்டாம். முன்பணம் கொடுக்கவேண்டிய வாரமும் தவணை போகிற நாளும் ஒன்றாக வந்து விழும்போதுதான் வேறு வழி தெரியாமல் பலர் கைமாற்றுக்கும் அதிக வட்டிக்கும் போகிறார்கள். ஒரு பத்து நாள் பொறுத்தால் அந்த இரண்டாவது கடனே தேவைப்படாது.

கடைசியாக, தவணை தவறிய வீடாகவே இருந்தாலும், விசேஷ நாளில் ஆள் அனுப்பாதீர்கள், விருந்தாளிகளின் எண்ணுக்குப் போன் போடாதீர்கள். கடன் வாங்கியது நாங்கள். எங்களோடு பேசுங்கள்.

அந்த நான்கு எண்கள் கொண்ட தாளுக்கு ஒரு மாதிரியை நானே நோட்டில் கோடு போட்டுத் தயாரித்து வைத்திருக்கிறேன். எங்களுக்குக் கடன் கொடுத்த கிளையில் வருகிற வாரம் தவணை ரசீது வாங்கப் போகும்போது மேலாளரிடம் அதன் நகலைக் கொடுக்கப்போகிறேன். அவருடைய மேலதிகாரிகள் யாராவது இதைப் படிக்க நேர்ந்தால், அதை வாங்கிக்கொள்ளச் சொல்லி அவருக்கு ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.

இப்படிக்கு,
தவணை தவறாமல் கட்டிவரும் ஒரு வாடிக்கையாளர்