அந்த 1.6 கிலோ

அம்மு,

நேற்று ராத்திரி நீ போனை வைத்த பிறகு எனக்குத் தூக்கமே வரவில்லை. ஜிம்முக்குப் போக ஆரம்பித்த பத்து நாளில் 1.6 கிலோ கூடிவிட்டது, அதனால் இரவுச் சாப்பாட்டை நிறுத்திவிட்டேன், தண்ணீரையும் குறைத்துவிட்டேன் என்றாயே, அந்தத் தண்ணீர் விஷயம்தான் மனதைப் போட்டுப் பிசைகிறது. போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று பாதியில் வெட்டிவிடுவாய். அதான் எழுதுகிறேன்.

உடம்பில் ஒரு கிலோ கொழுப்பு சேர வேண்டுமென்றால் சுமார் 7,700 கலோரி மிச்சப்பட வேண்டும். 1.6 கிலோவுக்கு 12,000-க்கு மேல் ஆகிறது. ஒரு பரோட்டாவுக்கு 200 கலோரி என்று வைத்துக்கொண்டாலும், நீ வழக்கமாகச் சாப்பிடுவதற்கு மேல் 60 பரோட்டா தின்றிருக்க வேண்டும். தின்றாயா? இல்லையே. அப்படியென்றால் கூடியதில் பெரும்பங்கு தண்ணீர்தான்.

பழக்கமில்லாமல் எடை தூக்கும்போது தசை நாரில் நுண்ணிய கிழிசல் விழும், அதை ஆற்றுவதற்காக உடம்பு அங்கே நீரைச் சேர்த்துவைக்கும். மறுநாளைவிட மூன்றாம் நாள்தான் படி இறங்க முடியவில்லை, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் இறங்கினேன் என்றாயே, அது இந்த வேலைதான். அதோடு, உழைக்கத் தொடங்கிய தசை மாவுச்சத்தை கிளைகோஜன் என்ற சேமிப்புச் சர்க்கரையாக முன்பைவிட அதிகமாகச் சேமித்துக்கொள்ளும். ஒவ்வொரு கிராமோடும் ஏறக்குறைய 3 கிராம் தண்ணீர் ஒட்டிக்கொள்ளும், 300 கிராம் சேர்ந்தாலே 1.2 கிலோ வந்துவிட்டது. மாதவிலக்கு நெருங்கினாலும் ஏறும், முதல் நாள் உப்பு தூக்கலாகச் சாப்பிட்டாலும் ஏறும். சில வாரத்தில் உடம்பு பழகிவிடும்.

போன சனிக்கிழமை இங்கே சிங்கப்பூரில் ஈஸ்ட் கோஸ்ட் பார்க்கில் ஒன்றரை மணி நேரம் வேகமாக நடந்தேன். போகும் முன் என் எடை 63.2 கிலோ, வந்ததும் 62.4. சட்டையைப் பிழிந்தால் சொட்டியது, அந்த 800 கிராமில் பெரும்பங்கு வியர்வைதான். ராத்திரி உப்பு தூக்கலான மீ கோரேங் நூடுல்ஸ் வாங்கிச் சாப்பிட்டோம், மறுநாள் காலை 63.9, விரலில் மோதிரம் சிக்கிக்கொண்டது, சோப்புப் போட்டுத்தான் கழற்றினேன். செவ்வாய்க்கிழமை பழையபடி 63.1. இத்தனை ஏற்ற இறக்கத்தில் நான் குண்டாகவும் இல்லை, இளைக்கவும் இல்லை.

உன் சித்தி கதை உனக்கு முழுசாகத் தெரியாது. 1990-களில் இங்கே பள்ளியில் எடை கூடிய பிள்ளைகளைத் தனியே பிரித்து இடைவேளையில் ஓடவைப்பார்கள். எடை பார்க்கிற நாள் வந்தால் அவள் முதல் நாளே சோறும் தண்ணியும் தொடமாட்டாள். ஒருநாள் அப்படியே வந்து எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில், கல் மேசைக்குப் பக்கத்தில் மயங்கி விழுந்தாள். உதடு வெடித்துப் போயிருந்தது. நான்தான் தூக்கி உட்காரவைத்தேன். "அக்கா, 400 கிராம் குறைஞ்சிருச்சு" என்பதுதான் அவள் கண்ணைத் திறந்து சொன்ன முதல் வார்த்தை. நேற்று உன் குரலில் அவள் குரலைக் கேட்டேன் அம்மு.

அதனால் இரவுச் சாப்பாட்டை இன்றைக்கே ஆரம்பி. முட்டையோ பருப்போ கோழியோ கட்டாயம் இருக்கட்டும், கிழிந்த தசை அதை வைத்துத்தான் ஆறும். தாகத்துக்குக் குறைவில்லாமல் தண்ணீர் குடி. எடை பார்த்தே ஆக வேண்டும் என்றால், காலையில் எழுந்து பாத்ரூம் போய்விட்டு வந்து, எதுவும் சாப்பிடுவதற்கு முன்னால் பார், ஜிம்மிலிருந்து வந்த கையோடு ஏறி நிற்காதே. ஏழு நாள் எண்களைக் கூட்டி ஏழால் வகுத்து, அதைப் போன வாரத்துச் சராசரியோடு மட்டும் ஒப்பிடு. மாதவிலக்கு வாரத்தைப் போன மாதத்து அதே வாரத்தோடு பார். பழைய ஜீன்ஸ் இடுப்பில் எப்படி நிற்கிறது என்பதும் ஒரு கணக்குத்தான்.

ஒன்றுக்கு மட்டும் பயப்படு. சிறுநீர் கோலா மாதிரி கறுத்துப் போனாலோ, வலி தாங்க முடியாமல் தசை வீங்கிப் போனாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போ. தசை அளவுக்கு மீறிச் சிதைந்தால் சிறுநீரகத்தைப் பாதிக்கும். தண்ணீர் குறைந்த உடம்புக்கு அந்த ஆபத்து இன்னும் அதிகம்.

ஜிம்மை விடாதே, எனக்கு அதில் பெருமைதான், அப்பாவும் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது ராத்திரி என்ன சாப்பிட்டாய் என்று சொல். எடையை நான் கேட்கமாட்டேன்.

அம்மா