தூணைச் சுற்றி ஓடும் மந்திரவாதி எழுதும் திறந்த மடல்

கற்பனை உலக ரோல்பிளேயிங் கேம்களை வடிவமைக்கும் பெருமக்களுக்கு,

வணக்கம். 2011 நவம்பரில் வெளிவந்த ஸ்கைரிம் என்ற வீடியோ கேமை நான் இப்போது மூன்றாம் முறையாக, வாளையும் வில்லையும் தொடுவதில்லை என்ற விரதத்துடன், முழு மந்திரவாதியாக ஆடிக்கொண்டிருக்கிறேன். டிஸ்ட்ரக்‌ஷன் என்ற தாக்கும் மந்திரத் திறனை உச்சமான 100 வரை வளர்த்தாயிற்று. கடந்த ஞாயிறு இரவு ஒரு நார்டிக் கல்லறைக்குள் நடந்தது இந்த மடலை எழுத வைத்துவிட்டது.

லெஜண்டரி என்ற உச்சக் கடினநிலையில் ஆடினேன். 2013இல் சேர்க்கப்பட்ட அந்த நிலையில் நாம் கொடுக்கும் அடி கால் பங்காகிவிடும், வாங்கும் அடி மூன்று மடங்காகிவிடும் என்பது நீங்கள் அறிந்ததே. தீயுருண்டை வீசும் ஃபயர்பால் மந்திரத்தின் அடிப்படைச் சேதம் 40. நெருப்பின் அடியைக் கூட்டும் ஆக்மென்டட் ஃபிளேம்ஸ் பெர்க்கின் (திறனோடு சேர்த்து வாங்கும் கூடுதல் சலுகை) இரண்டு படிகளையும் வாங்கினால் 60. லெஜண்டரியில் அது வெறும் 15. எதிரே நின்ற ட்ராகர் டெத்லார்டு என்ற நடைப்பிண வீரனுக்கு அது யானைப் பசிக்குச் சோளப்பொரி. எட்டுப் பத்துத் தீயுருண்டைகளில் மேஜிக்கா என்ற மந்திர ஆற்றல் தீர்ந்துபோனது. சண்டைக்கு நடுவே அது ஊறும் வேகமும் மூன்றில் ஒரு பங்குதான் என்பதால், நான் ஒரு கல்தூணைச் சுற்றி ஓடத் தொடங்கினேன். எதிரி ஃபுஸ் ரோ டா என்று முழங்க, நான் சுவரில் மோதி விழ, எழுந்து மறுபடியும் ஓட, மேஜிக்காவைக் காட்டும் நீலக்கோடு இம்மி இம்மியாக நிரம்புவதைப் பார்த்துக்கொண்டே ஏழெட்டுச் சுற்றுகள் ஓடினேன். கடைசியில் அவனைக் கொன்றது நானல்ல, உடன் வந்த லிடியா. ஒரு சந்தில் பொறுக்கிக் கொடுத்த பழைய வாளால் அவள் அதை முடித்துவிட்டு, ஒன்றுமே நடக்காதது போல் வாசலருகே போய் நின்றுகொண்டாள்.

என் கோரிக்கை ஒன்றே ஒன்றுதான்: மந்திரவாதியின் திறன் வளரும்போது அவன் மந்திரத்தின் வீரியமும் வளர வேண்டும். வாள்வீரனுக்குத் திறன் ஏற ஏற அடி கூடுகிறது. அவனுக்கான ஆர்ம்ஸ்மேன் பெர்க்கின் ஐந்து படிகளும் சேர்ந்து அதை இரு மடங்காக்குகின்றன. போதாததற்குச் சாணைக்கல்லில் தீட்டிக்கொள்ளலாம், என்சான்ட் செய்து மந்திரசக்தி ஏற்றிக்கொள்ளலாம். மந்திரவாதிக்கோ திறன் 15 ஆனாலும் 100 ஆனாலும் ஃபயர்பால் அதே 40தான். மேஜிக்கா செலவு மட்டுமே குறைகிறது. தலையணி, உடலணி, மோதிரம், கழுத்தணி நான்கிலும் 25 சதவீதச் செலவுக் குறைப்பை என்சான்ட் செய்து ஏற்றினால் செலவு பூஜ்யமாகிவிடும் என்று பெருமையாகச் சொல்கிறார்கள். கட்டணமில்லாப் பேருந்து என்று அறிவித்துவிட்டு, வண்டியை டிப்போவை விட்டு எடுக்காத கதைதான் இது.

இம்பாக்ட் பெர்க் எடுத்து, இரு கைகளாலும் ஏவி எதிரியைத் தள்ளாட வைத்துக்கொண்டே இருக்கலாமே என்று சிலர் அறிவுரை சொல்வார்கள். இரு கையால் ஏவும்போது செலவு இரண்டு மடங்குக்கும் மேல் போகிறது என்பது ஒருபுறமிருக்க, எதிரியை அவன் அசந்துபோகும்வரை தள்ளிக்கொண்டே இருப்பதற்குப் பெயர் மந்திரம்தானா? சேதத்தைக் கூட்டும் மருந்துக் குப்பியும் இருக்கிறது, மறுக்கவில்லை. வாள்வீரனை மட்டும் ஒவ்வொரு சண்டைக்கு முன்பும் டானிக் குடித்துவிட்டு வரச் சொல்வீர்களா?

ஸ்கைரிமில் வரும் விண்டர்ஹோல்டு மந்திரக் கல்லூரியையும் இங்கே சொல்லாமல் விட முடியவில்லை. வாசலில் ஒரு மந்திரம், முதல் வகுப்பில் ஒரு தற்காப்பு மந்திரம் என்று ஒன்றிரண்டைப் பெயருக்கு ஏவிவிட்டு, மிச்சத்தையெல்லாம் கோடரியாலேயே முடிப்பவரும் அங்கே ஆர்ச்மேஜ் என்ற தலைவராகிவிடலாம். ஸ்கைரிம் இடம்பெறும் எல்டர் ஸ்க்ரோல்ஸ் தொடரிலேயே 2002இல் வந்த மாரோவிண்டிலும், 2006இல் வந்த ஒப்லிவியனிலும் மந்திரங்களை நாமே வடிவமைத்துக்கொள்ளும் வசதி இருந்தது. அதையும் ஸ்கைரிமில் எடுத்துவிட்டார்கள். மந்திரவாதி என்ற பாத்திர வகையைத் தொட்டாலே சுருளும் செடி போல வைத்துக்கொண்டு, அதற்கு அங்கியும் கூம்புத்தலைமூடியும் மாட்டி அட்டைப்படத்தில் நிறுத்துவதில் மட்டும் உங்கள் துறையில் எவருக்கும் தயக்கமே இருந்ததில்லை.

மன்னிக்கவும், கோபம் கொஞ்சம் எல்லை மீறிவிட்டது. மந்திரவாதியை வெல்லவே முடியாதவனாக்குங்கள் என்று நான் கேட்கவில்லை. தொடக்கத்தில் அவன் நோஞ்சானாக இருப்பதில் ஒரு சுவை உண்டு. 1998இல் வந்த பால்டர்ஸ் கேட் என்ற கேமில் முதல் நிலை மந்திரவாதி ஒரு ஓநாய்க் கடிக்கே சாய்ந்துவிடுவதையும் சகித்துக்கொண்டோம், ஏனென்றால் பொறுத்திருந்தால் அவன் படையையே சாய்ப்பவனாக வளர்வான் என்ற நம்பிக்கை அதில் இருந்தது. அந்த வளர்ச்சியைத்தான் கேட்கிறேன். 2018இல் அறிவிக்கப்பட்ட எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆறாம் பாகமானாலும் சரி, இன்று உங்கள் மேசையில் இருக்கும் வேறெந்த ஆட்டமானாலும் சரி, திறன் கூடினால் மந்திரத்தின் அடியும் கூடும்படி அந்த ஒரு கணக்கை மட்டும் திருத்தித் தருமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
அதே தூணுக்குப் பின்னால் நீலக்கோடு நிரம்பக் காத்திருக்கும்
ஒரு மந்திரவாதி