இரண்டாம் கட்டுக்கு வைஃபை எட்டவில்லையா? காரைக்குடி வட்டார வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். லீவுக்கு ஊருக்கு வரும் பிள்ளைகள் கையோடு ஒரு வைஃபை பெட்டியை வாங்கி வந்து, வீட்டில் மாட்டிவிட்டுத் திரும்பிப் போகிறார்கள். அடுத்த வாரமே கடைக்கு போன் வருகிறது: "முன்னாடி நல்லா இருந்துச்சு, இப்ப அதுவும் போச்சு." கேள்வி அநேகமாக ஒரே மாதிரி இருப்பதால், ஒவ்வொருவருக்கும் போனில் சொல்வதை இங்கே எழுதிவிடலாம் என்று நினைத்தோம்.

முதலில், இருக்கிற நெட் ஏன் எட்டவில்லை? நம் பக்கத்துப் பழைய வீடுகள் கட்டு கட்டாக, அதாவது பகுதி பகுதியாக, ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிபவை. ஃபைபர் இணைப்பு தருகிறவர் முகப்பில் ஒரு பெட்டியை மாட்டி, அங்கேயே போனில் வேகத்தைக் காட்டிவிட்டுக் கிளம்பிவிடுகிறார். முகப்புக்கும் அடுப்படிக்கும் நடுவே கனமான செங்கல் சுவர்கள் எத்தனை இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். போதாததற்கு நிலைக்கண்ணாடிகள், இரும்பு பீரோக்கள். கண்ணாடியின் பின்பூச்சும் இரும்பும் சிக்னலைத் திருப்பி அனுப்பிவிடும். 5 கிகாஹெர்ட்ஸ் அலை ஒரு தடித்த சுவரைத் தாண்டும்போதே பாதி உயிரை விட்டுவிடும், 2.4 கொஞ்சம் தாக்குப்பிடிக்கும், ஆனால் வேகம் குறைவு. 100 எம்பி பிளானை 300 ஆக மாற்றினால் முகப்பில்தான் வேகம் கூடும். அடுப்படியில் நிலைமை அப்படியே இருக்கும்.

அப்புறம் பலர் வாங்குவது ரிப்பீட்டர். பிளக்கில் சொருகினால் போதும் என்பதால் ஆசை வருகிறது. விலை குறைந்த ரிப்பீட்டர் ஒரே அலைவரிசையில் வாங்கி அதிலேயே திருப்பி அனுப்புவதால் வேகம் பாதியாகிவிடும். அதோடு, சிக்னல் செத்துப்போன இடத்தில் அதை வைத்தால் அதற்கே வாங்க ஒன்றும் இருக்காது. ஒற்றை அறைக்கு, அவசரத்துக்கு என்றால் சரி. மூன்று கட்டு வீட்டுக்கு நாங்கள் அதை விற்பதில்லை. கேட்டாலும் வேண்டாம் என்றே சொல்வோம்.

வேண்டியது ஆக்சஸ் பாயிண்ட். அதாவது, முகப்பில் இருக்கும் பெட்டியிலிருந்து ஒரு கேபிள் உள்கட்டுவரை போய், அங்கே இன்னொரு பெட்டி வைஃபை கொடுக்க வேண்டும். பெட்டி எந்த கம்பெனி என்பது இரண்டாம் பட்சம். கேபிள்தான் முக்கியம்.

கேட்-6 (Cat-6) என்ற வகைக் கேபிள், அதிலும் முழுச் செம்பு. சந்தையில் அலுமினியக் கம்பிக்குச் செம்புப் பூச்சுப் பூசிய கேபிளும் அதே பெயரில் கிடைக்கிறது. விலை குறைவு, அதனால் கண்ணைப் பறிக்கும். பிளேடால் ஒரு கம்பியைச் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். வளைத்தால் சீக்கிரம் ஒடியும், இதன் வழியாகக் கரண்ட்டும் அனுப்பினால் சூடேறும். முழுச் செம்பாக இருந்தால் 100 மீட்டர்வரை கவலையில்லை. பெரும்பாலான வீடுகளுக்கு அது போதும். மின்சார வயர் போகும் அதே பைப்பில் இதை நுழைக்கச் சொல்லாதீர்கள், ஆபத்து. முற்றத்தைத் தாண்டித் திறந்த வெளியில் போகிற இடத்தில் வெயில் தாங்கும் கறுப்பு உறை போட்ட கேபிளே வேண்டும். வீட்டுக்குள் போடும் சாம்பல் நிற கேபிள் வெயிலில் நாளடைவில் வெடித்துவிடும். தேக்கு உத்தரத்திலும் செதுக்கிய நிலையிலும் ஆணி அடிக்கவோ துளை போடவோ மாட்டோம். சுற்றிப் போக வழி இருக்கும், கேபிள் கொஞ்சம் கூடுதலாகும், அவ்வளவுதான்.

இங்கே ஒரு விஷயத்தை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நாங்கள் அதிகம் பார்க்கும் கோளாறு இதுதான். 300 எம்பி பிளான், புது பெட்டி, எல்லாம் சரி. ஆனால் உள்கட்டில் எப்போது சோதித்தாலும் 94, 95க்கு மேல் ஏறாது. பெட்டியைக் குறை சொல்வார்கள். கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள். 100 எம்பிக்கு நான்கு போதும், அதற்கு மேல் போக எட்டும் வேண்டும். நீல ஜோடியிலோ பழுப்பு ஜோடியிலோ ஒரு கம்பி விட்டுப்போனால் இணைப்பு அறுந்துபோகாது. சத்தம் போடாமல் 100க்கு இறங்கி உட்கார்ந்துகொள்ளும். அணில் கடித்திருக்கலாம், முனையில் ஜாக் சரியாக அழுந்தாமல் இருந்திருக்கலாம். இரண்டு முனையிலும் வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு என்ற ஒரே வரிசை இருக்க வேண்டும். பச்சை ஜோடியின் நடுவே நீல ஜோடி உட்காருவதைப் பார்த்து, எலக்ட்ரீஷியன் தம்பிகள் சிலர் தவறு என்று நினைத்து நிறத்துக்கு நிறம் சேர்த்து அடித்துவிடுகிறார்கள். அது தவறல்ல, அப்படித்தான் இருக்க வேண்டும்.

இனி செட்டிங்ஸ். பெட்டியின் மெனுவில் ஆக்சஸ் பாயிண்ட் மோடு என்று ஒன்று இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள், வேலை முக்கால்வாசி முடிந்தது. மோடு மாறிய பிறகு பழைய முகவரியில் பெட்டியின் செட்டிங்ஸ் பக்கம் திறக்காது. பயப்பட வேண்டாம்; முகப்புப் பெட்டி அதற்குப் புது முகவரி கொடுத்திருக்கும், இணைந்த கருவிகளின் பட்டியலில் தேடினால் கிடைக்கும்.

அந்த மோடு இல்லாத பழைய ரௌட்டர் என்றாலும் தூக்கிப் போட வேண்டாம். கேபிளைத் தனி நிறத்தில் இருக்கும், வெளியிலிருந்து நெட் வரும் வேன் (WAN) துளையில் சொருகாமல், வீட்டுக் கருவிகளுக்கான லேன் (LAN) துளை ஒன்றில் சொருகுங்கள். ஆனால் அதற்கு முன்பே இரண்டு காரியம் முடிந்திருக்க வேண்டும். ஒன்று, உள்கட்டுப் பெட்டியின் ஐ.பி. முகவரியை, அதாவது நெட்வொர்க்கில் அதன் அடையாள எண்ணை, மாற்றுவது. முகப்புப் பெட்டி 192.168.1.1 என்றால், இதுவும் அதே எண்ணோடு கடையிலிருந்து வந்திருக்கலாம். இதற்கு 192.168.1.2 கொடுத்து, முகப்புப் பெட்டி போன்களுக்கு வழங்கும் எண்களை 10க்கு மேல் தொடங்கும்படி வையுங்கள். இரண்டாவது, உள்கட்டுப் பெட்டியில் எண் வழங்கும் வசதியான டி.எச்.சி.பி.யை அணைப்பது. வீட்டில் இருக்கும் போன்களுக்கு எண் கொடுக்கும் வேலையை ஒரு பெட்டிதான் செய்ய வேண்டும். இரண்டும் கொடுத்தால் ஒரு போனில் நெட் வரும், இன்னொன்றில் வராது. அணைத்துப் போட்டால் வரும், சாயங்காலம் மறுபடி போகும். மேலே சொன்ன "அதுவும் போச்சு" புகாரில் பெரும்பாலானவை இதுதான்.

வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் இரண்டு பெட்டியிலும் ஒன்றாகவே இருக்கட்டும். ஆச்சி போனைக் கையில் வைத்துப் பேத்தியோடு வீடியோவில் பேசிக்கொண்டே வளவிலிருந்து (முற்றத்தைச் சுற்றிய பகுதியிலிருந்து) அடுப்படிக்குப் போனால், போன் தானே மாறிக்கொள்ள வேண்டும். சேனல் மட்டும் வேறு வேறு. 2.4இல் 1, 6, 11 இவற்றில் ஒன்றுக்கு ஒன்று மாற்றி வையுங்கள். நடுவில் உள்ள எண்கள் பக்கத்துச் சேனலோடு மோதும். 5இல் ஒரு பெட்டிக்கு 36, மற்றதற்கு 149. சிக்னல் பலத்தை உச்சத்தில் வைப்பதுதான் நல்லது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். பெட்டி கத்துவது போனுக்குக் கேட்கும், போன் பதில் சொல்வது பெட்டிக்குக் கேட்க வேண்டாமா? உச்சத்தில் வைத்தால் போன் தூரத்துப் பெட்டியையே பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கும். நடுத்தரம் போதும்.

பாதுகாப்பில், வைஃபையின் பூட்டு முறைகளான டபிள்யூ.பி.ஏ.-2, டபிள்யூ.பி.ஏ.-3 இரண்டும் கலந்த வகையைத் தேர்ந்தெடுங்கள். 3 மட்டும் என்றால் பழைய பிரிண்டர் சேராது. அந்த பிரிண்டருக்காக டி.கே.ஐ.பி. என்ற பழைய பூட்டு முறையைத் தேர்ந்தெடுத்தீர்களோ, எல்லாக் கருவிகளும் 54 எம்பிக்கு மேல் போகாது. பாஸ்வேர்டு அடிக்காமலே கருவியைச் சேர்க்கும் டபிள்யூ.பி.எஸ். பட்டனை அணைத்துவிடுங்கள், அதன் ரகசிய எண்ணை (PIN) உடைக்கும் வழி 2011 முதலே தெரிந்த ஒன்று. பெட்டிக்குள் நுழையும் அட்மின் பாஸ்வேர்டையும் மாற்றுங்கள், வைஃபை பாஸ்வேர்டிலிருந்து அது வேறாக இருக்கட்டும்.

எங்கே மாட்டுவது? நம் வீடுகளின் உத்தரம் உயரம். மேலே ஒட்டினால் பாதி சிக்னல் பரணுக்குத்தான். சுவரில் எட்டு, ஒன்பது அடி உயரத்தில், வளவைப் பார்த்தபடி மாட்டினால் சுற்றியுள்ள அறைகளுக்கெல்லாம் திறந்த வழி கிடைக்கும். முற்றம் வைத்துக் கட்டியவர்கள் வைஃபைக்கும் நல்லதே செய்திருக்கிறார்கள். அங்கே பிளக் பாயிண்ட் இல்லையென்றால் கேபிள் வழியாகவே கரண்ட் கொடுக்கலாம். ஆனால் கரண்ட் கொடுக்கும் அடாப்டர் அந்தப் பெட்டிக்கு உரியதுதானா என்று பாருங்கள். சிலவற்றுக்கு 24 வோல்ட், சிலவற்றுக்கு 48. மாற்றிச் சொருகிக் கருகிய பெட்டிக்கு வாரண்டி கிடைக்காது. முகப்புப் பெட்டிக்குச் சின்ன யு.பி.எஸ். வைத்து, அங்கிருந்தே கேபிளில் கரண்ட் அனுப்பினால் பவர் கட்டிலும் இரண்டும் ஓடும்.

வீட்டைத் தங்கும் விடுதியாக நடத்துபவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. ஆக்சஸ் பாயிண்டில் கெஸ்ட் வைஃபை என்று ஒரு பெயர் போட்டுவிட்டால் விருந்தினர் பிரிந்துவிட்டார் என்று நினைக்காதீர்கள். விலை குறைந்த பெட்டிகளில் அது பெயரளவில்தான். விருந்தினர் போனிலிருந்து உங்கள் பில்லிங் கம்ப்யூட்டரும் கேமரா பெட்டியும் தெரியக்கூடும். ஒரே கேபிளில் தனித்தனி நெட்வொர்க்காகப் பிரிக்கும் வி-லேன் (VLAN) வசதியுள்ள ரௌட்டரும் சுவிட்சும் போட்டுத்தான் பிரிக்க முடியும். இதை நீங்களே செய்ய வேண்டாம், கூப்பிடுங்கள்.

போன் செய்வதற்கு முன், இரண்டு பெட்டிகளின் அடியில் ஒட்டியிருக்கும் லேபிளையும், கேபிள் சொருகிய துளைகளையும், எரியும் லைட்டுகளையும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். லேபிளில் பாஸ்வேர்ட் இருந்தால் விரலால் மறைத்துக்கொள்ளுங்கள். எங்களிடம் வாங்கிய பெட்டிக்கு செட்டிங்ஸ் உதவி போனிலேயே, கட்டணம் இல்லை. வேறெங்கோ வாங்கியதென்றாலும் சொல்லித் தருவோம், ஆனால் கடையில் கூட்டம் குறைந்த மத்தியான நேரத்தில். கேபிள் இழுக்க வேண்டுமென்றால் முதலில் ஒருவர் வந்து வழியைப் பார்த்து நீளம் அளந்து சொல்வார். அதன் பிறகு முடிவு செய்தால் போதும்.

இப்படிக்கு,
உங்கள் நெட்வொர்க் கடையினர்,
காரைக்குடி