கமலை இறைக்கக் கத்துக்கொடுத்தவர் பேரைப் போடுங்க சார்

மதிப்பிற்குரிய தயாரிப்பாளர் சாருக்கும் டைரக்டர் சாருக்கும் வணக்கம்.

உங்க படத்துல வேலை பார்த்த அசிஸ்டென்ட் டைரக்டர்கள்ல ஒருத்தன் எழுதுறேன். நேர்ல ரெண்டு தடவை, வாட்ஸ்அப்ல மூணு தடவை சொல்லிட்டேன், பதில் வரல, அதான் பொதுவுல எழுத வேண்டியதாப் போச்சு, மன்னிக்கணும்.

போன வாரம் மேக்கிங் வீடியோ போட்டீங்க. 18 நிமிஷத்துல கிணத்து சீன் மட்டும் நாலு நிமிஷம். டிரோன் எங்கிருந்து பறந்துச்சு, விடியக்காலை வெளிச்சத்துக்கு எப்படிக் காத்திருந்தோம், மாடு கட்டிக் கிணத்துத் தண்ணி இறைக்குற அந்தக் கமலையை ஹீரோ எப்படிக் கஷ்டப்பட்டுக் கத்துக்கிட்டார், எல்லாம் இருக்கு. கத்துக்கொடுத்தவர் இல்ல. ஒரு ஷாட்ல ஓரமா அவர் தோளும் துண்டும் தெரியுது, அவ்வளவுதான்.

நம்ம படம் 1950கள்ல கரிசக்காட்டுல நடக்குற கதை, மோட்டார் வராத காலம், படத்துக்கு மூலமான நாவல்ல ஒரு அத்தியாயம் முழுக்க கமலைதான். ஆர்ட் டிபார்ட்மென்ட்ல தண்ணி மொள்ளுற கூனையும் வடம் ஓடுற உருளையும் செஞ்சுட்டாங்க, பார்க்க அச்சு அசலா இருந்துச்சு, தண்ணிதான் மேல வரல. கோவில்பட்டி பக்கம் ஊர் ஊரா அலைஞ்சு அவரைக் கண்டுபிடிச்சுக் கூட்டிட்டு வந்தது நான்தான். எழுபத்தெட்டு வயசு. வந்து பார்த்ததுமே கூனைக்கு அடியில தொங்குற தோல் தும்பியைத் தடவிப் பார்த்துட்டு, "தம்பி, இது ஒரு சால் தாங்காதுய்யா", ஒரு தடவை இறைக்கக்கூடத் தாங்காதுன்னு அவிழ்த்துப் போட்டு, ராத்திரியோட ராத்திரியா உக்காந்து வேற தோல்ல தச்சுக் கொடுத்தார். கூனையை இழுக்குற வடம் எவ்வளவு நீளம், தும்பி வாலைப் பிடிக்குற வாலக்கயிறு எவ்வளவு நீளம் எல்லாமே அவர் கைக்கணக்கு. மாடு சரிவுல இறங்குறது சுலபம் சார், திரும்பப் பின்னாலயே ஏறி வரணும்ல, அதுக்கு வாடகைக்கு வந்த ஜோடியை ஒன்பது நாள் பழக்கினார். சம்பளம் பேசல, பேட்டா மட்டும் வாங்கிக்கிட்டார்.

வசனமும் அவர் திருத்தினதுதான். ஸ்கிரிப்ட்ல "மாட்டை ஓட்டுடா"ன்னு இருந்துச்சு, அவர் "எங்க ஊர்ல ஓட்ட மாட்டோம், பத்துவோம்"னார், டைரக்டர் சார் நீங்கதான் உடனே மாத்தினீங்க, ஞாபகம் இருக்கும். அவர் பேசினதை நான் போன்ல ரெக்கார்ட் பண்ணி வச்சிருந்தேன், டப்பிங்ல ஹீரோ அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டுட்டுதான் பேசினார். இன்னைக்கு எல்லாரும் பாராட்டுற அந்த வட்டார வழக்கு அவர் வாயில இருந்து வந்தது சார்.

டைட்டில்ல பேர் வரும்னு அவர்கிட்ட சொன்னது நான். நீங்க சரின்னு சொன்னதாலதான் சொன்னேன்.

படம் ரிலீஸ் அன்னைக்குப் பேரனைக் கூட்டிட்டு கோவில்பட்டி தியேட்டருக்குப் போயிருக்கார். படம் முடிஞ்சு எல்லாரும் எந்திரிச்சுப் போயாச்சு, லைட் போட்டாச்சு, கூட்ட வந்தவங்க காலைத் தூக்கச் சொல்லியிருக்காங்க, இவர் கடைசி எழுத்து போற வரைக்கும் உக்காந்திருக்கார். அன்னைக்கு ராத்திரி எனக்குப் போன் பண்ணி, "எழுத்து வெரசா ஓடிருச்சு தம்பி, எனக்குக் கண்ணும் சரியில்ல, பேரனும் கவனிக்காம விட்டுட்டான் போல, எத்தனாவதா வரும்னு சொன்னா இன்னொரு தடவை போய்ப் பார்த்துக்கிடுவேன்"னார். டிக்கெட்டுக்குத் திரும்பக் காசு கொடுத்துப் போறேங்குறார் சார். பேர் இல்லைன்னு சொல்ல எனக்கு வாய் வரல. இன்னும் சொல்லல.

கடைசியில ஓடுற ரோலர் டைட்டில்ல கேட்டரிங் பேர் இருக்கு, ஜெனரேட்டர் வண்டி ஓட்டினவர் பேர் இருக்கு, இருக்க வேண்டியதுதான், அவங்க உழைப்பும் உழைப்புதான். இவர் எந்த யூனியன்லயும் இல்ல, சினிமாவுல வேலைகளைப் பிரிச்சு வச்சிருக்குற 24 கிராஃப்ட்ல இவர் வேலைக்கு ஒரு கட்டமும் இல்ல, அதனால யார் லிஸ்ட்லயும் வரல. இலக்கியத்தைப் படமா எடுக்குறோம்னு மேடையில பேசுறோம், அந்த நாவல்ல வர்ற வாழ்க்கையை வாழ்ந்தவர் கூடவே நின்னா பேர் கேட்கத் தோணல. இது உங்க படத்துல மட்டும் நடக்கல, நான் வேலை பார்த்த மூணு படத்துலயும் ஊர்க்காரங்களை "கிராம மக்களுக்கு நன்றி"ன்னு ஒரே வரியில முடிச்சாங்க. மக்கள்னா அவங்களுக்குப் பேர் இல்லையா சார்? 1979-ல உதிரிப்பூக்கள் எடுத்தப்போ, சிற்றன்னை கதைல இருந்து எவ்வளவோ விலகிப் போயும் மகேந்திரன் சார் புதுமைப்பித்தன் பேரைப் போட்டார்னு செட்ல எங்களுக்குச் சொன்னதே நீங்கதான்.

கோபத்துல எதுவும் அதிகமா எழுதியிருந்தா மன்னிச்சிடுங்க. நான் கேட்குறது ஒண்ணுதான், அவர் பேரைப் போடுங்க. சென்சார் முடிஞ்ச படத்துல எதை மாத்தினாலும் போர்டுக்குத் தெரிவிக்கணும், தியேட்டர் காப்பியை இப்போ தொடுறது கஷ்டம்னு தெரியும். ஓடிடிக்கு ஃபைல் இன்னும் போகலைன்னு எடிட்ல சொன்னாங்க, அதுல சேர்க்கலாம். மேக்கிங் வீடியோவுக்குக் கீழ இன்னைக்கே ஒரு வரி சேர்க்கலாம். தயவுசெஞ்சு செய்யுங்க சார்.

அவர் பேரையும் ஊரையும் ஆதார்ல இருக்குற மாதிரியே எழுதி, புரொடக்‌ஷன் மேனேஜர்கிட்ட நேத்து மறுபடியும் கொடுத்திருக்கேன்.

இப்படிக்கு,
உங்க உதவி இயக்குநர்