நான்கு படங்களை நம்பிக் கொழும்புக்கு வரவழைத்தது பற்றிய புகார்

அனுப்புநர்: வாடிக்கையாளர், உட்துறைமுக வீதி, திருகோணமலை.
பெறுநர்: முகாமையாளர், பாவித்த வாகன விற்பனைப் பிரிவு, கொழும்பு.

விடயம்: போதிய படங்கள் இல்லாத இணைய விளம்பரமும் திருப்பித் தரப்படாத முற்பணமும்

ஐயா,

தங்கள் இணையத்தளத்தில் விற்பனைக்கு இருந்த வெள்ளை நிற டொயோட்டா அக்ஸியோ காருக்கு 50,000 ரூபாய் முற்பணம் கட்டினேன். நேரில் பார்த்த அன்றே வண்டி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். முற்பணம் திருப்பித் தரப்படமாட்டாது என்கிறார் தங்கள் விற்பனை அலுவலர். அந்தப் பணத்தைக் கேட்டும், என்னை அவ்வளவு தூரம் அலையவைத்த விளம்பரத்தைக் கண்டித்தும் இதை எழுதுகிறேன்.

விளம்பரத்தில் இருந்தவை நான்கே படங்கள். மூன்று, முன்பக்கத்தையே சற்றுச் சற்றுத் திருப்பி எடுத்தவை. நான்காவதில் ஸ்டியரிங் மட்டும். முன்பக்கப் படங்கள் மூன்றிலும் கார் கழுவிய ஈரம் காயாமல் நின்றது. நீர் வழியும் வண்டியில் கீறலும் சொட்டையும் கண்ணுக்குப் படாது என்பதை வாகனம் வாங்கி விற்கும் எவரும் அறிவார். இன்னும் சில படங்கள் அனுப்புங்கள் என்று தொலைபேசியில் கேட்டேன். "வண்டி சுத்தம். வேறு ஒருவரும் கேட்டிருக்கிறார். முற்பணம் போட்டுவிட்டு வந்து பாருங்கள்" என்பதுதான் கிடைத்த பதில்.

வந்து பார்ப்பது கொழும்புக்குப் பக்கத்தில் தெஹிவளையில் இருப்பவருக்கு வேலை முடிந்து வீடு போகும் வழியில் ஆகிற காரியம். திருகோணமலையில் இருந்து கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் என்று 250 கிலோமீற்றருக்கும் அதிகமான பாதை அது. கூட வரும் மெக்கானிக்குக்கு அன்றைய கூலியும் சாப்பாடும் கொடுக்க வேண்டும். என் வேலையிலும் லீவு போட வேண்டும். இத்தனையும் செய்து வந்தவனுக்குத் தங்கள் முற்றத்தில் கிடைத்தது என்ன?

மெக்கானிக் டிக்கியின் விரிப்பைத் தூக்கினார். கீழே தகடு பொருந்தும் விளிம்பு நெடுகப் பெயின்ட் கொப்பளித்திருந்தது; விரல் நகத்தால் சுரண்டியதும் துரு செதில் செதிலாகக் கையோடு வந்தது. பொனட்டைத் திறந்தால், இடப்பக்க மட்கார்டைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளின் தலையில் பெயின்ட் உடைந்திருந்தது. ஒரு தடவை கழற்றி மாட்டியிருக்கிறார்கள். விளம்பரத்தில் "புதிய டயர்கள்" என்று எழுதியிருந்தீர்கள். பின் டயர் இரண்டிலும் 1416 என்ற இலக்கம் இருந்தது. அதாவது 2016 ஆம் ஆண்டின் 14 ஆம் வாரத்தில் செய்த டயர்கள். கறுப்புப் பொலிஷ் பூசினால் அவை புதியவை ஆகிவிடுமா? உப்புக்காற்றில் வாழும் நாங்கள் எந்த வண்டியிலும் முதலில் குனிந்து பார்ப்பது அடிப்பாகத்தைத்தான். அதன் படம் ஒன்றே ஒன்று இருந்திருந்தால் நான் கொழும்புக்குப் புறப்பட்டிருக்கவே மாட்டேன்.

"எத்தனை படம்தான் போடுவது?" என்று அலுவலர் என்னிடமே கேட்டார். பொறுமையாகவே பதில் சொல்கிறேன். இருபதுக்குக் குறைந்தால் தூரத்தில் இருப்பவருக்குப் போதாது. ஆனால் முன்பக்கத்தையே நாற்பது தடவை எடுத்துப் போட்டாலும் அது ஒரு படத்துக்குச் சமம்தான். உலர்ந்த வண்டியைப் பகல் வெளிச்சத்தில் நான்கு புறமும் நேராக எடுங்கள். என்ஜின் ஓடும்போது மீட்டரைக் காட்டுங்கள். எச்சரிக்கை விளக்கு ஏதும் எரிகிறதா என்று அதிலேயே தெரிந்துவிடும். சாரதி இருக்கையின் ஓரத்தையும் பிரேக் பெடலின் ரப்பரையும் கிட்டத்தில் எடுங்கள், மீட்டரில் ஓடிய தூரத்தைக் குறைத்து வைக்கலாம், தேய்ந்த ரப்பரைக் குறைத்துக் காட்ட முடியாது. பொனட்டுக்கு உள்ளே, விரிப்பைத் தூக்கிய டிக்கி, ஜாக்கியில் ஏற்றிய அடிப்பாகம், டயர் நான்கின் இலக்கங்கள், ஜப்பானில் ஏலம் போனபோது வண்டியின் நிலையைக் குறித்த ஏலத் தாள், பெயரை மறைத்த பதிவுச் சான்றிதழ் ஆகியவையும் வேண்டும். சொட்டை இருந்தால் அதற்கென்றே ஒரு படம். கைத்தொலைபேசியில் அரை மணி நேர வேலை இது. சொட்டையைப் பார்த்துவிட்டு வருகிறவர் அதற்குரிய விலை பேசித்தான் வருவார். முற்றத்தில் நின்று சண்டை பிடிக்கமாட்டார்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் அனுமதி கிடைக்கும்வரை, நாட்டில் ஏற்கெனவே இருந்த வண்டிகள்தான் கை மாறிக் கை மாறி ஓடின. அப்படி ஓடிய ஒரு காருக்குப் பல இலட்சம் கேட்கும் நிறுவனம், அதன் குறையை வாங்குபவரே தேடிக் கண்டுபிடிக்கட்டும் என்று இருப்பது பெரிய அநியாயம்.

முற்பணம் 50,000 ரூபாயையும், இணைத்துள்ள பற்றுச்சீட்டுகளின்படி பயணச் செலவையும் மெக்கானிக் கூலியையும் 14 நாட்களுக்குள் என் வங்கிக் கணக்கில் வைப்பிலிட வேண்டும். "புதிய டயர்கள்" என்ற வரியை இன்றே நீக்க வேண்டும். அடிப்பாகத்தின் படத்தைச் சேர்க்க விருப்பமில்லை என்றால் அந்த விளம்பரத்தையே எடுத்துவிடுங்கள்.

வாடிக்கையாளரைத் தவறாக வழிநடத்தும் வியாபாரத்தை 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் 30 ஆம் பிரிவு தடை செய்கிறது. 14 நாட்களுக்குள் பணம் வராவிட்டால், அந்த அதிகாரசபைக்கு 1977 என்ற இலக்கத்தில் அறிவித்து, எழுத்திலும் முறையிடுவேன். விளம்பரத்தின் பிரதி, டயர் இலக்கத்தின் படம், டிக்கித் தகட்டின் படம் மூன்றும் என்னிடம் இருக்கின்றன; பிரதிகளை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

இங்ஙனம்,
முற்பணம் கட்டிய வாடிக்கையாளர்,
திருகோணமலை.